மழுங்கிய போல்ட்டும் ஓர் அமானிதமும்

பைக்காராவிலிருந்து ஊட்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆதலால் காருக்கு ஆயில் மாற்றுவதை வீட்டிலேயே செய்துகொள்கிறோம். சென்ற முறை மட்டும் ஒரு பணிமனையில் மாற்றினோம். அங்கே ட்ரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி, அதன் முனைகளையும் மழுங்கடித்திருந்தார்கள். மறுநாளோ உம்மாவை ஊட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

துருநீக்கி எண்ணெயைத் தெளித்துவிட்டு, லுஹரிலிருந்து அஸர் வரை பொறுத்திருந்தோம். தொழுதுவிட்டு வந்த மச்சான், ஓர் அளவு சிறிய அறுமுனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி, போல்ட்டின் தலையில் இறுக்கமாக ஏற்றினார். நீண்ட கைப்பிடியை மெல்ல அழுத்தியதும் ‘டக்’கென்று இளகியது. அல்ஹம்துலில்லாஹ்! அவசரத்தில் உளியால் அடித்திருந்தால் அலுமினியச் சேம்பரின் மரை போய், மறுநாள் பயணமும் நின்றிருக்கும்.

புதிய போல்ட், புதிய வாஷர். வாஷர் படிந்தபின் சற்றே முறுக்கினால் போதும். கசிவைத் தடுப்பது வாஷர்தான், நம் தோள்வலிமையன்று. அடுத்துத் திறப்பவருக்குத் தொல்லை வைத்துவிட்டு அதை உறுதியான வேலை என்பது, என் பார்வையில், அமானிதத்தை மறந்த செயல்.

பழைய ஆயிலைக் கேனில் அடைத்து வைத்திருக்கிறோம்; கழிவு ஆயில் வாங்குபவரிடம் சேர்க்க வேண்டும், இன்ஷா அல்லாஹ். பைக்காரா ஆறு மாயாறாகிப் பவானிசாகர் வரை செல்கிறது. அங்கே யாரோ ஒருவர் அந்நீரில்தான் உளூச் செய்கிறார்.