மணி அடிச்சா போதுமா?



"ஃபயர் அலாரமா? புகை வந்தா மணி அடிக்கும். அதுல ஒரு மாசம் படிக்க என்னடே இருக்கு?" இன்பிளான்ட் டிரெயினிங் கிளம்பிய அன்று என் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு துண்டுக் காகிதம் என் நினைப்பை மாற்றியது. அந்தக் கதைதான் இது.

எனக்குச் சொந்த ஊர் ஆலந்தலை. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம். எங்கள் ஊர்க் கோயில் மணிக்குப் பல பாஷை தெரியும். பூசைக்கு ஒரு மாதிரி அடிக்கும், துக்கத்துக்கு ஒரு மாதிரி அடிக்கும். நேரங்கெட்ட நேரத்தில் விடாமல் அடித்தால் யாருக்கோ ஆபத்து என்று அர்த்தம். அப்போது யாரும் யாரையும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. ஒருவர் வள்ளத்தை இறக்க ஓடுவார், ஒருவர் கயிற்றை எடுப்பார், ஒருவர் வண்டிக்குச் சொல்வார். "மணி அடிக்கிறது பெரிசில்லல. கேட்டவன்ல எவன் எங்க ஓடணும்னு தெரிஞ்சிருக்கணும்" என்பார் எங்கள் தாத்தா.

பயிற்சிக்குப் போன இடம் தூத்துக்குடியில் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாமே!). அலுவலகம், கிடங்கு, கன்ட்ரோல் ரூம் என்று மூன்று கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபயர் அலாரம் பேனல். ஒவ்வொரு பேனலிலிருந்தும் ஒரு லூப் வயர் கிளம்பி, டிடெக்டர்களையெல்லாம் கோர்த்துக்கொண்டு திரும்பி வரும். டிடெக்டர் ஒவ்வொன்றுக்கும் தனி அட்ரஸ் உண்டு. மூன்று பேனல்களும் ஒரு நெட்வொர்க் வளையத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

பேசி என்ன செய்ய வேண்டும் என்பதை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு 'காஸ் அண்ட் எஃபெக்ட்' என்று ஓர் அட்டவணை. இடப் பக்கம் நடந்தது, வலப் பக்கம் நடக்க வேண்டியது. கிடங்கில் புகை என்றால் மூன்று கட்டடத்திலும் ஹூட்டர் அலற வேண்டும். கிடங்குக்குக் காற்று அனுப்பும் ஏ.சி. ஃபேன் நிற்க வேண்டும். கார்டு போட்டுத் திறக்கும் கதவுகளின் பூட்டு விடுபட வேண்டும். அலுவலகத்தில் புகை என்றால் லிஃப்ட் தரைத்தளம் வந்து நிற்க வேண்டும். ஆனால் தரைத்தள லிஃப்ட் வாசலிலேயே புகை என்றால்? அங்கே வரவே கூடாது, வேறு தளத்துக்குப் போக வேண்டும்! சர்வர் ரூமில் ஒரு டிடெக்டர் சொன்னால் எச்சரிக்கை மட்டும். இன்னொரு வரிசை டிடெக்டரும் சேர்ந்து சொன்னால்தான், அதுவும் ஆட்கள் வெளியேற அவகாசம் விட்டு, தீயணைக்கும் வாயு திறக்க வேண்டும்.

மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே அண்டு கேட், ஆர் கேட், டைமர்... எல்லாம் இங்கே உயிரோடு நின்றன.

கிடங்கு பேனலுக்கான வரிகளை எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒரே மாதிரி வரிகள்தானே என்று ஒன்றை எழுதி, மற்றதையெல்லாம் காப்பி செய்து, நம்பரை மட்டும் மாற்றினேன். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். பெருமை தாங்கவில்லை.

மறுநாள் சோதனை. சூப்பர்வைசர் அண்ணாச்சி கிடங்கின் டிடெக்டரில் டெஸ்ட் ஸ்ப்ரே அடித்தார். ஹூட்டர் காதைப் பிளந்தது. மூன்று பேனல்களிலும் சரியான அட்ரஸ் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. நோட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து, "இத அந்த ஏ.சி. ஜன்னல்கிட்ட பிடி தம்பி" என்றார்.

பிடித்தேன். காகிதம் படபடவென்று ஆடியது.

"சத்தம் கேட்டுச்சு, சரி. காத்து நின்னுச்சா?"

நிற்கவில்லை. காப்பி செய்த ஒரு வரியில் ரிலே நம்பரை மாற்ற மறந்திருக்கிறேன். கிடங்கில் புகை வந்தால் அலுவலகத்து ஃபேன் நின்றது, கிடங்கு ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. பேனல் எந்தத் தவறும் காட்டவில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. எழுதியதைத்தானே அது செய்யும்!

அண்ணாச்சி திட்டவில்லை. "கொல்கத்தா ஆஸ்பத்திரி தீ பத்திப் படிச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு படித்தேன். 2011 டிசம்பர் 9, விடிவதற்கு முன். ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீ. நோயாளிகள் இருந்ததோ மேல் மாடிகளில். நச்சுப் புகை ஏ.சி. குழாய்கள் வழியாகவும் மேலே ஏறியது. கண்ணாடியால் மூடிய கட்டடம், புகை வெளியேற வழியில்லை. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். பலருக்கு எமனாக வந்தது நெருப்பல்ல, புகை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. என் காகிதம் ஆடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் வரியைத் திருத்தினேன். அண்ணாச்சி நெட்வொர்க் கேபிளை ஓரிடத்தில் கழற்றச் சொன்னார். பேனல் 'ஃபால்ட்' என்று கத்தியதே தவிர, செய்தி வளையத்தின் மறுபக்கமாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. இன்னோர் இடத்திலும் கழற்றச் சொன்னார். இப்போது கிடங்கு பேனல் தனியாள். ஸ்ப்ரே அடித்தோம். காகிதத்தைப் பிடித்தேன். ஆடவில்லை! கிடங்கின் டிடெக்டரும், கிடங்கு ஃபேனின் ரிலேயும், அவற்றை இணைக்கும் வரியும் அதே பேனலில் இருந்ததுதான் காரணம். "பக்கத்து வீட்டுக்காரன் வருவான்னு நம்பி நம்ம வீட்டு வாளியக் கொடுத்துரக் கூடாது தம்பி" என்றார்.

இது தூரத்துக் கதையும் அல்ல. 2025 மார்ச்சில் நம் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் கேபிள்கள் தீப்பிடித்து, சில அலகுகளில் மின் உற்பத்தியே நின்றுபோனது நமக்குத் தெரியும்.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் பேனல் முன்னால் உட்காரத்தான் போகிறோம். "ஹூட்டர் அடிச்சுது சார், ஓ.கே." என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் நடந்துபோய்ப் பாருங்கள். ஃபேன் நின்றதா, கதவு விட்டதா, லிஃப்ட் எங்கே வந்தது என்று கண்ணால் பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.

பயிற்சி முடிந்து ஊருக்குப் போன அன்று அப்பா கேட்டார்: "என்னல படிச்ச ஒரு மாசமா?"

"தாத்தா சொன்னதத்தான்ப்பா" என்றேன்.

– இறுதியாண்டு மாணவன், ஆலந்தலை