யாருக்கு இந்தக் கோபம்?

2006இல் அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்காக நான்காவது முறை வட்டாட்சியர் அலுவலகம் போனபோது பையில் 'நான் யார்?' இருந்தது. மெலிந்த நூல். காத்திருந்த நாட்களில் மூன்று முறை படித்து முடித்திருந்தேன். எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று விசாரிக்கச் சொல்கிறார் ரமணர். எளிய உபாயமாகத்தான் தெரிந்தது, எழுத்தர் மனுவைத் திருப்பித் தரும்வரை. இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். முந்தைய மூன்று முறையும் அது அவர் கண்ணில் படவில்லை.

கோபம் வந்தது. யாருக்கு? எனக்கு. விசாரணை அத்தோடு முடிந்தது, கோபம்தான் இரட்டித்தது.

1902இல் அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலை வந்து, மௌனத்திலிருந்த ரமணரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் பெற்ற சிவப்பிரகாசம் பிள்ளையும் வருவாய்த் துறை ஊழியர்தான். (அவர் மேசைமுன் நின்றவர்கள் என்ன விசாரித்தார்களோ!)

வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து மறுபடி முயன்றேன். இம்முறை எழுத்தரின் முகம் வரவில்லை. இறப்பைப் பதியச் சென்ற அன்று, படிவத்தை நிரப்பிய என் கைதான் வந்தது. அப்பாவின் பெயரைப் பிழையாக எழுதியவன் நானே.

நூலின் பின்னட்டையில் அவர் பெயரை ஒருமுறை சரியாக எழுதிப் பார்த்தேன்.