கடைசிப் பக்கம்

ட்ரூமன் கபோட்டின் 'இன் கோல்ட் ப்ளட்' புத்தகத்தை பி.ஏ. படித்த நாட்களில் வாக்கியங்களுக்காகப் படித்தேன். சென்ற மாதம் மறுபடி எடுத்தபோது வாக்கியங்கள் அப்படியே இருந்தன. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. 1959 நவம்பரில் கன்ஸாஸில், ஹால்கம் என்ற சிற்றூரில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். கொன்ற இருவரும் 1965 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த இருவரிடமும் ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகியவர் கபோட். ஆனால் அவர்கள் முடிவு தெரியாமல் புத்தகம் முடியாது. காத்திருந்தார். இது தெரிந்த பிறகு அந்த நடையை ரசிக்கிறவனும் கொஞ்சம் கூட்டாளி ஆகிவிடுகிறான்.

எல்லாமே உண்மை என்று கபோட் சாதித்தார். ஆனால் கடைசிக் காட்சி, துப்பறிந்த அதிகாரி இறந்த பெண்ணின் தோழியை மயானத்தில் சந்திப்பது, அவர் கற்பித்தது. தூக்குமரத்தோடு நிறுத்த மனம் வரவில்லை போலும். முந்நூறு பக்கங்களில் சேர்த்த நம்பிக்கையை இரண்டு பக்கங்களில் செலவழித்துவிட்டார்.

கார்சியா மார்க்கெஸ் 1955இல் ஒரு கொலம்பிய நாளிதழில் தொடராக எழுதிய மாலுமியின் கதையையும் படித்தேன். கப்பலிலிருந்து கடலில் விழுந்து பத்து நாள் தெப்பத்தில் கிடந்தவன் கதை. எழுதினவர் பின்னால் நின்றுகொள்கிறார். 'நான்' என்று பேசுவது மாலுமிதான். மார்க்கெஸின் பெரிய நாவல்களைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆனால் இந்த இரண்டையும் படித்த கையோடு எடுத்த '18வது அட்சக்கோடு' (1977) வேறு இடத்தில் உட்காரவைத்தது. அசோகமித்திரன் செகந்திராபாத்தில் வளர்ந்தவர். 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்ததைப் பார்த்தவர். இருந்தும் 'இது நடந்தது' என்று எங்கும் அவர் சத்தியம் செய்வதில்லை. கிரிக்கெட், காலேஜ், பசுமாடு என்று போகிற நாவலின் முடிவில், கலவரத்துக்கு நடுவே சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். குடும்பத்தைக் காப்பாற்ற அந்த வீட்டுப் பெண் அவன் முன் ஆடையைக் களைகிறாள். அவன் ஓடுகிறான். அவ்வளவுதான். அவளைத் தேற்ற ஆள் வரவில்லை, அவனையும்தான். நடந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கதை எழுதினேன். நகைக்கடன் கவுண்டருக்கு வருகிற ஒரு அம்மாள். மூன்று பவுன் சங்கிலி. தவணை தவறி ஏல நோட்டீஸ் போகிறது. கதையில் வரும் குமாஸ்தா வட்டியைத் தன் கையிலிருந்து கட்டி நகையை மீட்டுத் தருகிறான். இரண்டு நண்பர்கள் மனிதாபிமானம் என்று கடிதம் எழுதினார்கள். மகிழ்ந்து போனேன்.

அந்த அம்மாள் உண்டு. சங்கிலியும் உண்டு. நோட்டீஸை டைப் செய்தவன் நான். கையிலிருந்து எதையும் கட்டவில்லை. அப்படிக் கட்ட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றக்கூட இல்லை. எழுத உட்கார்ந்த இரவில்தான் தோன்றியது.

ஏலம் போய், கடனும் வட்டியும் கழித்து 1,340 ரூபாய் அவள் கணக்கில் வரவாயிற்று. எடுக்க வந்தாள்.

"எம்புட்டு சார் நிக்குது?"

சொன்னேன். படிவத்தை நானே நிரப்பினேன். கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தி வைத்தேன். விரலைத் துடைக்கத் துணி தேடினாள். கிடைக்கவில்லை, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொகுப்புக்கு அந்தக் கதையைக் கேட்கிறார்கள். கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.