கொடியடுப்பு வெந்நீர்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அச்சன்புதூரில் வயதானவர்களுக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கத் துணிவு வராது. எங்கள் வீட்டில் வெந்நீருக்கென்று தனியாக விறகு எரித்ததில்லை. மண் அடுப்பை ஒட்டிக் கொடியடுப்பு இருந்தது. உலை கொதிக்கும் தீயின் மிச்ச அனல் உள்வழியாக அங்கே போகும். அதன்மேல் பித்தளைத் தவலை. சோறு வடிக்கும்போது வெந்நீரும் தயார். முதல் வாளி மூட்டுவலிக்கார ஆச்சிக்கு.

காஸ் வந்தது, கொடியடுப்பு போயிற்று. இன்று 20 லிட்டர் தண்ணீரில் 20 டிகிரி சூடேற்ற, கீசருக்குச் சுமார் அரை யூனிட் மின்சாரம் வேண்டும்.

அந்தப் புகையில் அம்மா கண் கலங்கியதைப் பார்த்தவன் நான். பழைய அடுப்பு வேண்டுமென்று கேட்கமாட்டேன். ஒரே தீயில் இரண்டு வேலை பார்த்த அம்மாவின் கணக்கைத்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.