தலைநகரில் மின்சாரச் சைக்கிள்

டில்லி மாநகரில் நம்மவர் கூட்டமாகக் குடியேறிய பழைய பகுதிகளுள் கரோல்பாக் முதன்மையானது. இன்று தமிழ்க் குடும்பங்கள் தெற்கே ராமகிருஷ்ணபுரம், மேற்கே ஜனக்புரி, கிழக்கே மயூர் விஹார் என்று நாலா திசையிலும் பரவிவிட்டன. ஆயினும், நல்ல காப்பிப்பொடிக்கும் வெற்றிலைக்கும் கரோல்பாக்கை நாடிச் செல்லும் வழக்கம் இன்னும் பலரை விட்டபாடில்லை. அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்தால், மெட்ரோ பாலத்தை ஒட்டி 108 அடி உயரத்தில் அனுமார் நிற்கிறார். அவரை வணங்கிவிட்டு மேலும் சற்றுத் தொலைவு சென்றால் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையை அடையலாம்.

சைக்கிள் என்றால் எத்தனை வகை! மூன்று வயதுக் குழந்தையின் முச்சக்கர வண்டி முதல், பால்காரர் நான்கு பாத்திரங்களைத் தொங்கவிட்டுச் செல்லும் கனத்த வண்டி வரை நடைபாதையையும் மறித்து நிறுத்தியிருக்கிறார்கள். இவற்றுக்கு நடுவே சில ஆண்டுகளாகப் புதிய விருந்தாளி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் மின்சாரச் சைக்கிள். மிதிக்கும்போது துணை நின்று, மிதிப்பதை நிறுத்தினால் தானும் ஓய்ந்துவிடும் சாதுவான வண்டி ஒரு வகை. மற்றொரு வகைக்கு மிதிகட்டையே இல்லை, பார்வைக்கு ஸ்கூட்டர்தான். ஆனால் முன்னும் பின்னும் எண் பலகை இராது.

இவ்வண்டிகளுக்குப் பதிவும், ஓட்டுவோருக்கு லைசென்ஸும் வேண்டுமா என்று சங்க அன்பர்கள் பலர் நம்மிடம் கேட்டதுண்டு. கேட்ட காரணங்கள்தாம் வேறு வேறு. பேரன் பள்ளிக்கூடம் செல்ல வாங்கித் தரும்படி நச்சரிக்கிறான் என்றார் ஒரு பெரியவர். மாலையில் கோயிலுக்குப் போகும் வழியில் ஓசையே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது என்று அஞ்சினார் ஓர் அம்மையார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்கென ஒதுக்கி, சந்தையிலும் தெருவிலும் நேரில் பார்த்துவரப் புறப்பட்டோம்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்த்துவிடுவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பாட்டரியை நீக்கிய எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்தால் அந்த இருசக்கர வண்டி மோட்டார் வாகனமே அல்ல. எனவே அதற்குப் பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை, கட்டாய இன்ஷூரன்ஸ் இல்லை, ஓட்டுபவருக்கு வயது வரம்பும் இல்லை. தக்க பிரேக்கும், இரவில் ஒளியை எதிரொளிக்கும் வில்லைகளும் இருந்தால் போதும். இந்த வரம்புகளில் ஒன்றைத் தாண்டினாலும் அது மோட்டார் வாகனமாகிவிடும். எல்லாச் சட்டங்களும் அதன்மீது பாயும்.

எல்லைக்கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு தெருவில் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதைச் சந்தையில் ஒரு கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார். மிதிகட்டை இல்லாத வண்டி ஒன்றைச் சுட்டி, "இது இருபத்தைந்துக்கு மேல் போகாதா?" என்று கேட்டோம். "போகாமல் என்ன, பாபுஜி? ஒரு கம்பியைக் கழற்றிவிட்டால் நாற்பது வரை போகும். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை" என்றார் சிரித்துக்கொண்டே. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி, இருக்கைக்கு அடியில் கையெட்டும் இடத்தில்தான் இருந்தது. சர்க்கார் வகுத்த எல்லையை ஒரு குறடு கடந்துவிடுகிறது!

நம் நாட்டுப் பெரியவர்களுக்கு, மிதிக்கும் சைக்கிளுக்கே லைசென்ஸ் இருந்த காலம் நினைவிருக்கும். ஆண்டுதோறும் நகராட்சியில் வரி கட்டி, ஒரு தகர வில்லையை வாங்கி வண்டியில் பொருத்த வேண்டும். வில்லை இல்லாமலோ, இரவில் விளக்கு இல்லாமலோ, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டோ அகப்பட்டால் அபராதம். அந்த ஏற்பாடு எங்கும் மறைந்துபோயிற்று. அதனால் யாருக்கும் நஷ்டம் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஜண்டேவாலானிலிருந்து சாந்தினி சவுக் சென்றோம். செங்கோட்டைக்கு எதிரிலிருந்து பதேபுரி மசூதி வரை செல்லும் 1.3 கிலோமீட்டர் வீதியைச் செப்பனிட்டு, 2021 செப்டம்பரில் திறந்துவைத்தார்கள். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்கள் அதில் நுழையக் கூடாது. சைக்கிள் ரிக்‌ஷாவும் கால்நடையுமே கதி. சிவப்புக் கல் பதித்த வழியில் ஜனத்திரள் நிம்மதியாக நடக்கும் காட்சி கண்ணுக்கு இனியதாகவே இருக்கிறது. ஆனால் 250 வாட் மின்சாரச் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்லவே. இங்கே அது வரலாமா, கூடாதா? நாம் பார்த்துக்கொண்டிருந்தபோதே மூன்று நான்கு வண்டிகள் வந்தன. அவற்றுள் எது சாது, எது கம்பி கழற்றியது என்று வாயிலில் நின்ற காவலர் எப்படி அறிவார்? அவரும் அறிய முயன்றதாகத் தெரியவில்லை.

அந்த வீதியின் சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்கும் ஒரு லைசென்ஸ் சரித்திரம் உண்டு. டில்லி மாநகராட்சி, ரிக்‌ஷாக்களின் தொகை 99,000க்கு மேற்படக் கூடாது என்று ஒரு காலத்தில் வரையறுத்திருந்தது. ஊரில் ஓடியவையோ அதைப்போலப் பன்மடங்கு. உரிமச் சீட்டு உள்ளவனே வண்டியை இழுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் குத்தகைதாரர்கள் பல வண்டிகளை வைத்து நாள் வாடகைக்கு விட்டார்கள். சீட்டு இல்லாத ஏழையின் வண்டி பறிபோயிற்று. மீட்பதற்குக் கை நனைக்க வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரியில் டில்லி உயர்நீதிமன்றம் அந்த உச்சவரம்பைச் செல்லாதென்று தள்ளியது. ஏழையின் வண்டிக்கு உரிமச் சீட்டு என்று சொல்லும்போதெல்லாம் நமக்கு இந்த வரலாறு நினைவுக்கு வருகிறது.

ஆனால் சீட்டே இல்லாமல் விட்டதன் விளைவையும் இதே டில்லி கண்டிருக்கிறது. மயூர் விஹாரில் குடியிருக்கும் நம்மவர், பக்கத்திலுள்ள திரிலோக்புரியை அறிவார்கள். அங்கே 2014 ஜூலை மாதக் கடைசியில், கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாயின் மீது பாட்டரி ரிக்‌ஷா ஒன்று மோதியது. குழந்தை கையிலிருந்து நழுவி, மிட்டாய்க்கடையில் கொதித்துக்கொண்டிருந்த சர்க்கரைப் பாகில் விழுந்து மாண்டது. பாட்டரி ரிக்‌ஷாக்கள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டில்லித் தெருக்களில் தோன்றியவை. அவையும் 250 வாட்டுக்கு உட்பட்டவை, ஆதலால் மோட்டார் வாகனங்கள் அல்ல என்ற போர்வையில்தான் ஓடின. உண்மையில் அவற்றின் மோட்டார்கள் அந்த வரம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு திறன் கொண்டவை. அந்த ஜூலை 31-ஆம் தேதி உயர்நீதிமன்றம் அவற்றைத் தடை செய்தது. ஒரே நாளில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. பிறகு அக்டோபரில் தனி விதிகள் செய்து, 2015 மார்ச்சில் பாராளுமன்றம் சட்டத்தையும் திருத்தி, லைசென்ஸுடனும் பதிவுடனும் மறுபடி ஓட அனுமதித்தார்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் தடையும் வேண்டியதில்லை. குழந்தையின் உயிரும் ஒருவேளை போயிராது.

மின்சாரச் சைக்கிள் இன்று நிற்பது ஏறத்தாழ அதே இடத்தில்தான். 2022 ஏப்ரலில் டில்லி சர்க்கார், முதலில் வாங்கும் 10,000 பேருக்கு விலையில் கால் பங்கு, அதிகபட்சமாக ரூ. 5,500 வரை மானியம் தருவதாக அறிவித்தது. புகையால் மூச்சுத் திணறும் நகரத்தில் அது நல்ல காரியமே. ஆனால் ஊக்கம் கொடுத்த அளவுக்கு எல்லையைக் காக்கும் ஏற்பாடு வளரவில்லை.

வெளியூரில் வாழும் நமக்கு இந்த வண்டியால் என்ன லாபம் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்த ஸ்கூட்டரை இங்கே கொண்டுவந்த அன்பர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும். அதற்குப் பழைய ஊரிலிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று வர வேண்டும். சாலை வரியை மறுபடி கட்ட வேண்டும். முகவரிக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். மாற்றலாகிச் செல்லும் உத்தியோகஸ்தர்களுக்கென 2021-இல் பாரத் வரிசை எண்கள் வந்தன. அவை மத்திய, மாநில சர்க்கார் ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது கிளையுள்ள கம்பெனிக்காரர்களுக்கும் மட்டுமே. சமையல் வேலைக்கும் தையல் வேலைக்கும் வந்தவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. அவருடைய ரேஷன் கார்டு விழுப்புரத்தில் இருக்கும். வாடகை வீட்டுக்கு ஒப்பந்தப் பத்திரமும் இராது. காகிதமே கேட்காத வண்டி அவருக்கு எத்தகைய வரப்பிரசாதம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பாராபுல்லா வடிகால் ஓரத்தில் பல்லாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப், நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-இல் இடிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கிருந்த நம்மவர்களில் தகுதி பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில் வீடு கிடைத்தது. ஜங்புராவில் வீட்டுவேலை செய்த பெண்கள் இருட்டோடு எழுந்து, முதலில் பஸ்ஸையும் பிறகு மெட்ரோவையும் பிடிக்க வேண்டிய நிலை. நாற்பது கிலோமீட்டரை மின்சாரச் சைக்கிள் தீர்த்துவிடாது. ஆனால் வீட்டிலிருந்து ரயிலடி வரையுள்ள தூரத்தை அது தீர்க்கும். அந்தப் பெண்ணிடம் போய், லைசென்ஸ் பரீட்சைக்கு ஒரு நாள் கூலியை விட்டு வா, பதிவுக் கட்டணம் கட்டு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மோதப்படுபவர் நிலை என்ன? பதிவு பெற்ற வாகனம் இடித்தால் இன்ஷூரன்ஸ் உண்டு. நஷ்டஈடு பெற மோட்டார் விபத்து டிரிபியூனல் உண்டு. இடித்துவிட்டு ஓடிய வாகனம் இன்னதென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ. 50,000-மும் வழங்கும் திட்டம் இருக்கிறது. இவையெல்லாம் மோட்டார் வாகனங்களால் விளையும் விபத்துக்கு மட்டுமே. சட்டப்படி மோட்டார் வாகனம் அல்லாத வண்டி இடித்தால் சாதாரண சிவில் கோர்ட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். மிதிசைக்கிள் இடித்தாலும் இதே கதிதான் என்று வாதிக்கலாம். ஆனால் மிதிசைக்கிள் நாற்பதில் வருவதில்லை. வேகம் இரட்டித்தால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும் என்பது பள்ளிப்பாடம்.

ஆதலால் நம் அபிப்பிராயம் இதுதான். வரம்புக்குள் ஓடும் மெய்யான மின்சாரச் சைக்கிளுக்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அதன் எல்லையைக் காக்கும் பொறுப்பு ஓட்டுபவர் தலையில் அல்ல, செய்பவர் தலையிலும் விற்பவர் தலையிலும் விழ வேண்டும். கழற்ற முடியாதபடி வேகக் கட்டுப்பாடு உள்ளே அமைந்திருக்க வேண்டும். மோட்டாரின் திறனும் சோதனைச் சான்றின் எண்ணும் சட்டத்தில் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். கம்பியைக் கழற்றித் தரும் கடைக்குத்தான் தண்டனை. மிதிகட்டை இல்லாத, ஸ்கூட்டர் வடிவ வண்டிகளுக்கு ஓர் எளிய எண் பலகை வைப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. சீனத்தில் மின்சாரச் சைக்கிள்களுக்கு எண் பலகை உண்டு; ஓட்டுநர் லைசென்ஸ் கேட்பதில்லை. ஐரோப்பாவில் 25 கிலோமீட்டர் வண்டியைச் சைக்கிளாகவே விட்டுவிட்டு, 45 வரை செல்லும் வண்டிக்குப் பலகையும் இன்ஷூரன்ஸும் வேண்டும் என்கிறார்கள். பத்து நிமிஷத்தில் சாமான் கொண்டுவரச் சொல்லி இளைஞர்களை விரட்டும் கம்பெனிகள், தம் ஆட்கள் ஓட்டும் ஒவ்வொரு வண்டிக்கும் எண் கொடுத்து, விபத்துக்கும் தாமே இன்ஷூரன்ஸ் செய்யட்டும். அவசரம் அவர்களுடையது அல்லவா?

பேரனுக்கு வண்டி வாங்கப் போகும் பெரியவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பியைக் கழற்றிய அந்த நிமிஷமே அது மோட்டார் வாகனம். 2019-இல் செய்த திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது உடையவருக்கு ரூ. 25,000 அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. எனவே கடைக்குச் செல்லும்போது, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் அந்த மாதிரி வண்டிக்குக் கொடுத்த சான்றின் நகலைக் கேட்டு வாங்கவும். புனேயிலும், டில்லிக்கு அருகே மானேசரிலும் அத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. சான்றில் கண்ட மாதிரிப் பெயரும் மோட்டார்த் திறனும் ரசீதிலும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவும். தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்லலாம். ஜண்டேவாலானில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.