பழைய டி.வி கேம் 'போயிடுச்சு'ன்னு தூக்கிப் போடும் முன்...

ஒரு பொருள் ஓடவில்லை என்றால் நம் வீடுகளில் ஒரே தீர்ப்புதான்: "போயிடுச்சு." மிக்ஸிக்கும் அதுதான், டேபிள் ஃபேனுக்கும் அதுதான். கேசட் போட்டு விளையாடிய டி.வி கேம் பெட்டிக்கும் இதே தீர்ப்பைச் சொல்லி, எத்தனையோ வீடுகளில் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால், திறந்து பார்த்தால் பல நேரம் உள்ளே எதுவும் போயிருக்காது. அழுக்கு, ஈரம், அறுந்த ஒயர் - இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டியில் மூன்றுமே இருந்தன.

தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில் இருக்கிற கந்தர்வக்கோட்டைதான் எங்கள் ஊர். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு மாத லீவில் வருவார். வருகிற அப்பாவிடம் என்ன பேசுவதென்றே எனக்கும் அக்காவுக்கும் தெரியாது. 2008 லீவில் தஞ்சாவூர் போய் ஒரு டி.வி கேம் வாங்கி வந்தார். அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டி.வி-யில் அதை மாட்டினோம். 'டேங்க் கேம்' ஆடும்போதுதான் அவர் எங்களைத் திட்டினார், நாங்கள் அவரைக் கிண்டல் செய்தோம். அப்பா - மகள் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சும் நடையும் ஓரளவு திரும்பிவிட்டன. இடது கை மட்டும் மக்கர் செய்கிறது. விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். நாலு நாளில் பந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அக்கா பையன் தன் போனில் கேம் போட்டுக் கொடுத்தான். கண்ணாடித் திரையில் அப்பாவின் விரல் வழுக்கிக்கொண்டே போனது. "தொட்டாலும் தெரியல, தொடலைன்னாலும் தெரியல"ன்னு போனைத் திருப்பிக் கொடுத்தவர், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஏன்த்தா, அந்த டேங்க் கேமு இருக்கா?"

இருந்தது, பரணில். ஆனால், 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பக்கம் முந்திரித் தோப்புகள் சாய்ந்தபோது எங்கள் வீட்டு ஓடும் பறந்தது. பரணோடு சேர்ந்து பெட்டியும் நனைந்தது. "அது கஜாவுலயே போயிடுச்சு" என்றார் அம்மா. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். "தாராளமா ஆடட்டும், கை சோர்ந்தா நிறுத்திடணும். பந்தையும் விடக் கூடாது" என்றார். அதன் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

இது யாருடைய பெட்டி?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15-ல் 'ஃபேமிகாம்' என்ற கேம் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கடைகளில் வெவ்வேறு பெயர்களில் கிடைத்த கேசட் பெட்டிகளில் பல, அதைப் பார்த்து வேறு கம்பெனிகள் செய்தவை. அசலில் தனித்தனியாக இருந்த சிப்களின் வேலையையெல்லாம், பின்னாளில் வந்த இந்தப் பெட்டிகளில் ஒரே சிப்பில் அடக்கிவிட்டார்கள். திறந்தால் போர்டின் நடுவே கறுப்புப் பொட்டு மாதிரி இருக்கிறதே, அதுதான். அதுவே செத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால், அந்த முடிவுக்கு வரும் முன் நாலு இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. லைட்டே எரியவில்லையா? முதலில் அடாப்டர்

பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கும். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் 9 வோல்ட் டி.சி. பக்கத்திலேயே பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா, மைனஸா என்று சின்னப் படம் இருக்கும். இரண்டும் பொருந்துகிற அடாப்டரைத்தான் மாட்ட வேண்டும். பின் பொருந்துகிறதே என்று செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டாதீர்கள். உள்ளே 7805 என்ற மூன்று கால் ஐ.சி, வருகிற கரன்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். மிச்சமெல்லாம் சூடாகத்தான் வெளியேற வேண்டும். வோல்ட் கூடினால் சூடும் கூடும்.

எங்கள் அடாப்டரில் ஒயர், கழுத்துப் பக்கம் அறுந்திருந்தது. அடாப்டரைத் திறந்து வைத்தியம் பார்க்க வேண்டாம், உள்ளே இருப்பது வீட்டு மின்சாரம். அதே அளவில் புதிது வாங்கிவிட்டேன். சிவப்பு லைட் எரிந்தது.

2. கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? கேசட்டில் கோளாறு

லைட் எரிகிறது, ஆனால் திரையில் வெறும் கலர் அல்லது சிதறிய கட்டங்கள் என்றால் கேசட்டின் பின்கள் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். ஃபேமிகாம் வகை கேசட்டில் 60 பின்கள். ஒன்று தொடாவிட்டாலும் படம் குழம்பலாம்.

இதற்கு நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், கேசட்டை வாயால் ஊதுவது. உண்மையில் வேலை செய்தது ஊதல் இல்லை. கழற்றி மறுபடி மாட்டும்போது பின்கள் உராய்ந்து புது இடத்தில் தொட்டன, அவ்வளவுதான். ஊதும்போது போகிற எச்சில் ஈரம் செம்பில் களிம்பு ஏற்றும். நின்டெண்டோவே தன் கேசட்டுகளை ஊத வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைக்கும். காது பட்ஸை அதில் நனைத்துப் பின்களைத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும் வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். எங்கள் கேசட்டில் பஞ்சு பச்சையாகவே வந்தது. கஜா மழையின் களிம்பு. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தாலும் போகும். ஆனால், அது மேல்பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும் என்பதால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் உள் ஸ்லாட்டுக்கு, ஒரு அட்டையில் மெல்லிய துணியைச் சுற்றி, லேசாக நனைத்து, நாலைந்து முறை செருகி எடுத்தால் போதும். நனைந்த போர்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்து, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவைத்தேன். இந்த வேலைகளை எல்லாம் கரன்டைப் பிடுங்கிவிட்டு, அடுப்பு, விளக்குப் பக்கம் போகாமல் செய்யுங்கள். அந்தத் திரவம் சட்டென்று தீப்பிடிக்கும்.

3. புது டி.வி-யில் படம் வரவில்லையா?

மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளை அல்லது சிவப்பு சத்தத்துக்கு. சில எல்.இ.டி டி.வி-களில் இந்த மூன்று ஓட்டைகளுக்குப் பதிலாக ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்று இருக்கும். அதற்கேற்ற ஒயர் வேண்டும். அதுவும் இல்லையென்றால், ஏ.வி-யை எச்.டி.எம்.ஐ-யாக மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கும். இதையே தலைகீழாகச் செய்யும் பெட்டியும் அதே தோற்றத்தில் வரும் என்பதால் பெயரைப் படித்து வாங்குங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், டி.வி மெனுவில் கலர் சிஸ்டத்தை 'ஆட்டோ'வில் வைத்துப் பாருங்கள்.

வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் புது டி.வி-யில் வேலை செய்யாது. அது துப்பாக்கியின் கோளாறு இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையிலுள்ள சென்சார் பிடிக்க வேண்டும். பிக்சர் டியூப் டி.வி உடனுக்குடன் படம் வரையும். எல்.இ.டி டி.வி கொஞ்சம் தாமதிக்கும். அதற்குள் துப்பாக்கி 'குறி தப்பிவிட்டது' என்று முடிவு செய்துவிடும். துப்பாக்கி ஆட வேண்டுமென்றால் பழைய டியூப் டி.வி-தான் கதி. அது ரிப்பேர் என்றால் மட்டும் பின்பக்கத்தைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் டியூப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கலாம்.

4. பட்டன் வேலை செய்யவில்லையா?

எங்கள் அப்பாவுக்கு முக்கியமானது இதுதான். ஜாய்ஸ்டிக்கில் திசை பட்டன் இடது கைப் பக்கம். ஒத்துழைக்காத விரல்தான் டேங்கை ஓட்ட வேண்டும். பட்டன் லேசாக அழுத்தினாலே கேட்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பல வருஷம் டி.வி ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு அண்ணனிடம் போனேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு பட்டன் மட்டும் செத்தா ரப்பரு. எல்லா பட்டனும் செத்தா ஒயரு. போய்ப் பாரு பாப்பா" என்றார்.

அதுதான் சரி. ஜாய்ஸ்டிக்கில் எட்டு பட்டன்கள், ஆனால் ஒயருக்குள் ஐந்தே இழைகள். எட்டின் நிலையையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரே இழை வழியாக வரிசையாக அனுப்புகிற ஏற்பாடு அது. அதனால் ஒரு இழை அறுந்தாலும் எல்லா பட்டனும் ஒன்றாகப் படுத்துவிடும். பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்கை ஒட்டிய கழுத்துப் பகுதியில்தான் அறும். அந்த இடத்தை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, நிறம் பார்த்து மறுபடி சால்டர் வைத்தால் போதும்.

ஒரு பட்டன் மட்டும் என்றால் பின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். பட்டன்களுக்கு அடியில் ரப்பர் ஷீட், அதில் கறுப்புக் கார்பன் பொட்டுகள். பொட்டு போய் போர்டைத் தொட்டால்தான் பட்டன் வேலை செய்யும். இரண்டையும் ஆல்கஹாலில் துடைத்தாலே பாதி உயிர் வந்துவிடும். பொட்டு தேய்ந்தே போயிருந்தால், பழைய டி.வி ரிமோட்டைத் திறந்து பாருங்கள். அதே மாதிரி பொட்டுகள் இருக்கும். அதிகம் அழுத்தாத பட்டன் ஒன்றிலிருந்து வெட்டி இங்கே ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் முதல் ஜாய்ஸ்டிக்கின் திசை பட்டன்கள் இப்போது ஒரு செத்துப்போன செட்டாப் பாக்ஸ் ரிமோட்டின் புண்ணியத்தில் ஓடுகின்றன.

அப்பா இப்போது...

'டேங்க் கேம்' என்று நாம் சொல்வதன் நிஜப் பெயர் 'பேட்டில் சிட்டி'. 1985-ல் நாம்கோ நிறுவனம் கொண்டுவந்தது. மொத்தம் 35 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 20 எதிரி டேங்குகள். அப்பா முதல் வாரம் ஒன்றாம் கட்டத்தைத் தாண்டவே இல்லை. இடது பக்கம் போகச் சொன்னால் டேங்க் சுவரை முட்டிக்கொண்டே நிற்கும். இப்போது ஆறாம் கட்டம். கை சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பட்டன் போட இன்றும் அம்மா வேண்டும். ஆனால், சாயந்திரமானால் அவரே கட்டிலிலிருந்து எழுந்து வந்து உட்காருகிறார். ரப்பர் பந்தும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. "பந்தை அமுக்குனாதான் கேமு" என்பது அம்மா போட்ட சட்டம்.

இதில் கூட்டாளியின் குண்டு பட்டால் நம் டேங்க் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடும். அக்கா பையன் வேண்டுமென்றே தாத்தாவைச் சுடுகிறான். "டேய், என்னைய ஏன்டா சுடுற, அங்குட்டுப் போடா!" என்று சத்தம் போடுகிறார் அப்பா. வார்த்தை குழறாமல் தெளிவாக வருகிறது.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் சுடுகிற பட்டன் மட்டும் இன்னும் சண்டித்தனம் செய்கிறது. அதற்கு ஒரு கார்பன் பொட்டு வேண்டும். எதிர் வீட்டு அத்தையிடம் பழைய ரிமோட் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன்.