கால் வைக்கும் இடம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பினாங்குத் தேசியப் பூங்காவின் கரையோரப் பாதை என் நினைவுக்கு வரும். 2015-ஆம் ஆண்டு மார்ச் விடுமுறையில், கெடாவிலிருந்து எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேரையும் பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொண்டு அங்குச் சென்றிருந்தோம். அன்று நான் செய்த தவறு ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பகாங் மீனவர் கிராமத்தை ஒட்டி அமைந்திருக்கிறது இப்பூங்கா. 2003-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில், வலப்புறம் கடலும் இடப்புறம் மலைச்சரிவுமாகப் பாதை மேற்கு நோக்கிச் செல்கிறது. சிறிது தூரம் மணலில் நடக்கலாம். அடுத்த நிமிடமே வேர்களைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். பிறகு யானை முதுகு போன்ற கருங்கற்பாறைகளின் மீது கடலைப் பார்த்தபடி இறங்க வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் அமைந்துள்ள தெலுக் ஆலிங்கைக் கடந்தால் தெலுக் டுயோங் வரும். நம்மவர்கள் 'குரங்குக் கடற்கரை' என்று சொல்வது இதனைத்தான். அதற்கும் அப்பால், முக்கா முனைக் குன்றின் உச்சியில் 1883-ஆம் ஆண்டு கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதுவரை ஏறுவதே எங்கள் திட்டம்.

முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. தெலுக் ஆலிங்கைத் தாண்டியதும் ஒரு சரிவான பாறை குறுக்கிட்டது. மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கடந்துவிட்டனர். ஒரு மாணவன் மட்டும் நின்றுவிட்டான்.

"டீச்சர், என்னால முடியல. வழுக்குது."

வகுப்பறையில் நூறுமுறை சொல்லிப் பழகிய சொற்களே என் வாயில் வந்தன. "முடியாதுன்னு சொல்லக்கூடாது. உன்னால முடியும், வா." மற்ற பிள்ளைகளும் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். அவன் ஓரடி வைத்தான். கால் சறுக்கியது. நல்லவேளையாகக் கடல் பக்கம் விழவில்லை. பாறை இடுக்கில் சாய்ந்து விழுந்தான். முழங்காலும் உள்ளங்கையும் சிராய்த்து இரத்தம் கசிந்தது. அவன் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் முன்னமே சொன்னேன் டீச்சர்" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை.

காயத்தைக் கழுவி மருந்திட்டு நடந்தோம். அடுத்த பாறையில் அவன் மீண்டும் தயங்கினான். இம்முறை எங்களோடு வந்திருந்த ஒரு மாணவியின் தந்தை முன்னே சென்றார். லாரி ஓட்டுநர், அதிகம் பேசாதவர். அவர் பையனின் கையைப் பிடித்து இழுக்கவில்லை; "முடியும்" என்றும் சொல்லவில்லை. பாறைக்குக் கீழே இறங்கி நின்று, ஈரமில்லாத ஓரிடத்தில் தம் உள்ளங்கையை வைத்து, "தம்பி, இடது கால இங்க வை. சரி. இப்போ அந்த வேரப் பிடி. அடுத்த கால் இங்க" என்றார். நான்கே அடிகள். பையன் கீழே வந்துவிட்டான்.

தெலுக் டுயோங் அடைந்ததும் கலங்கரை விளக்கத் திட்டத்தைக் கைவிட்டோம். சில மாணவர்களுக்கு ஏமாற்றந்தான். கடலில் கால் நனைத்துவிட்டுப் படகேறித் தெலுக் பகாங் திரும்பினோம். வழிநெடுக என் மனம் அந்த உள்ளங்கையிலேயே இருந்தது. 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளிமையிலிருந்து கடினத்திற்கு' என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நானும் தேர்வுத்தாளில் எழுதியவள்தான். அதன் பொருளை ஒரு லாரி ஓட்டுநர் பாறையில் கைவைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. கணிதப் பாடத்தில் பின்னங்களைக் கூட்டும் பயிற்சி. முக்காலையும் அரைக்காலையும் கூட்ட வேண்டும். அதே மாணவன், "முடியல டீச்சர்" என்றான். மறு ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள். (அத்தேர்வு 2021-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது, அதன் பதற்றம் நம்மைவிட்டு முழுமையாக நீங்கியதா என்பது வேறு கேள்வி.) வழக்கம்போல் "முயற்சி செய்" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். "எதுவரைக்கும் வர முடிஞ்சுது?" என்று கேட்டேன். பகுதி எண்கள் சமமாக இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நான்கில் மூன்றை எட்டில் ஆறாக மாற்றலாம் என்பதில்தான் கால் சறுக்கியது. ஒரு தாளை நான்காக மடித்து, மூன்று பகுதிகளுக்கு வண்ணமிட்டு, பிறகு எட்டாக மடித்துக் காட்டினேன். வண்ணமிட்ட பகுதிகளை எண்ணினான். ஆறு. எட்டில் ஏழு என்ற விடையை அவனே எழுதினான்.

ஊக்கச் சொற்கள் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால், "முடியவில்லை" என்று ஒரு குழந்தை சொல்லும்போது அது பெரும்பாலும் சோம்பலன்று. கால் வைக்க இடம் தெரியவில்லை என்னும் செய்தி. அச்செய்தியைக் கேளாமல் "முடியும்" என்று கூறுவது, ஈரப்பாறையில் பின்னாலிருந்து தள்ளுவதற்கு ஒப்பாகும்.

அந்த மாணவன் இன்று இருபது வயதைக் கடந்த இளைஞன். அவனிடம் அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆசிரியர் என்ற மிடுக்கு தடுத்துவிட்டது. இதை அவன் படிக்க நேர்ந்தால், தாமதமாகவேனும் ஏற்றுக்கொள்ளட்டும்.

பெற்றோர்களே, பிள்ளைகளோடு அப்படியொரு பாதையில் நடக்கச் சென்றால் பிடிமானமுள்ள காலணியும் போதிய குடிநீரும் மறவாதீர்கள். பிள்ளை தயங்கி நின்றால், முதலில் நீங்கள் இறங்கிப் பாருங்கள்.